விமானியின் வீடு ஓர் ஊர், வேலை ஓர் ஊர்: வழிநெடுக வரும் களைப்புக்கு யார் பொறுப்பு?

வேலைக்குப் போவதற்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் ரயிலிலும் பஸ்சிலும் செல்வோர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் வேலைக்குப் போவதற்காகவே ஆயிரம் மைல், இரண்டாயிரம் மைல் பறந்து வருகிறவர்களும் உலகில் உண்டு. அவர்கள் வேறு யாருமல்ல, விமானத்தை ஓட்டும் விமானிகள்தான்.

அமெரிக்காவில் இது அபூர்வமான செய்தி அல்ல; அன்றாட வழக்கம். அங்கே ஒவ்வொரு விமானிக்கும் கம்பெனி ஒரு விமான நிலையத்தைப் பணித் தளமாக ஒதுக்குகிறது. அவருடைய டூட்டி அங்கே தொடங்கி அங்கேயே முடியும். அவர் எங்கே குடியிருக்கிறார் என்பது கம்பெனியின் கவலை அல்ல. புளோரிடாவில் வீடு, நியூயார்க்கில் டூட்டி என்றால், நியூயார்க்குக்கு வந்து சேருவது அவர் பாடு. அந்தப் பயணத்துக்குச் சம்பளம் கிடையாது. அது பணி நேரத்திலும் சேராது.

இது விமானியின் சொந்த விவகாரம்தானே என்று கேட்கலாம். விமானி தூங்காமல் வந்து உட்கார்ந்தால், பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகளின் உயிர் விவகாரமாகவும் அது ஆகிவிடுகிறது. அதனால்தான் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வி விமானத் துறையில் ஓயாமல் இருந்து வருகிறது.

எப்படி வருகிறார்கள்?

அமெரிக்க விமானிகளிடையே பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. எந்தக் கம்பெனி விமானி ஆனாலும், வேறு கம்பெனி விமானத்தில் இடம் இருந்தால் இலவசமாக ஏறிக்கொள்ளலாம். பயணிகள் இருக்கை நிரம்பிவிட்டால், விமானி அறைக்குள்ளேயே மடக்கி விரிக்கும் ஓர் ஆசனம் இருக்கிறது. ‘ஜம்ப் சீட்’ என்பது அதன் பெயர். அந்த விமானத்தின் காப்டன் சம்மதித்தால் அதில் அமர்ந்து வரலாம். 2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந்தேதி தாக்குதலுக்குப் பிறகு இந்த வசதி பெரிதும் தடைப்பட்டது. பின்னர், வருகிறவர் உண்மையில் விமானிதானா என்று கம்ப்யூட்டர் மூலம் உடனே சரிபார்க்கும் முறை வந்தபின் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது.

இலவசம் என்றாலும் இது நிச்சயமான பயணம் அல்ல. டிக்கெட் வாங்கிய பயணி எல்லோரும் ஏறிய பிறகுதான் இவர்கள் முறை. விமானம் நிரம்பி, ஜம்ப் சீட்டிலும் வேறு ஒருவர் முந்திக்கொண்டால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். புயல், பனி என்றால் அதுவும் இல்லை. ஆகவே புதன்கிழமை காலை டூட்டி என்றால் செவ்வாய்க்கிழமை மத்தியானமே கிளம்பிவிடுவார்கள். நான்கு நாள் வேலைக்கு ஐந்தரை நாள் வீட்டை விட்டுப் போக வேண்டிவரும்.

முதல் நாளே வந்துவிட்டால் தங்குவது எங்கே? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். விமான நிலையத்தை ஒட்டிய வீடு ஒன்றைப் பல விமானிகள் சேர்ந்து வாடகைக்கு எடுப்பார்கள். அறைக்கு நாலு கட்டில், ஆறு கட்டில் என்று அடுக்குக் கட்டில்கள் போட்டிருக்கும். ஒருவர் எழுந்து போன கட்டிலில் இன்னொருவர் வந்து படுப்பார். ‘கிராஷ் பேட்’ என்று அவர்கள் இதைச் சொல்வார்கள். பெங்களூரிலும் பம்பாயிலும் ஷிப்டு முறையில் ஒரே பாயைப் பங்கிட்டுக்கொண்ட நம்மவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. சட்டையில் தங்கப் பட்டை வைத்தவர்களும் அப்படித்தான் படுக்கிறார்கள் என்பதுதான் புதிது.

வீட்டை மாற்றிக்கொண்டால் என்ன?

பணித் தளம் இருக்கும் ஊருக்கே குடி பெயர்ந்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று தோன்றும். அது அத்தனை சுலபம் அல்ல. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது சீனியாரிட்டி. எந்தத் தளம், எந்த விமானம், எந்த நாள் லீவு என்பதெல்லாம் கம்பெனியில் சேர்ந்த தேதியைப் பொறுத்தே கிடைக்கும். விரும்பிய தளம் மூத்தவர்களுக்குப் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு யாரும் விரும்பாத தளம். அதுவும் பெரும்பாலும் ‘ரிசர்வ்’ டூட்டி. அதாவது, கூப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தால், கூப்பிடாத நாளிலும் அந்த ஊரிலேயே காத்துக் கிடக்க வேண்டும்.

இரண்டாவது, தளமே நிலையாக இருப்பதில்லை. ஒரு காலத்தில் பிட்ஸ்பர்க் நகரம் யு.எஸ். ஏர்வேஸ் கம்பெனியின் பெரிய கேந்திரமாக இருந்தது. 2004-ல் கம்பெனி அந்த அந்தஸ்தை எடுத்துவிட்டது. மெம்பிஸ் நகரில் நார்த்வெஸ்ட் கம்பெனிக்கு இருந்த கேந்திரம், அது டெல்டாவுடன் இணைந்தபின் சுருங்கி, 2013-ல் முடிவுக்கு வந்தது. வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, மனைவியோ கணவரோ உள்ளூரில் வேலை தேடிக்கொண்ட பிறகு தளம் போய்விட்டால், குடும்பத்தை எத்தனை முறை பெயர்த்து நடுவது?

கோலார் தங்க வயல் மக்களைக் கேட்டால் இதன் அர்த்தம் தெரியும். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கம் மூடப்பட்டது. வீடு அங்கே, பிழைப்பு பெங்களூரில் என்றாகி, மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் இருட்டோடு ரயில் ஏறி, இருட்டியபின் வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் யாரும் ஆசைப்பட்டு அலையவில்லை. வேலை இடம் மாறியது. வீடு மாற முடியவில்லை. விமானிகள் கதையும் இதுவே. தூரமும் வாகனமும்தான் வேறு.

மூன்றாவது காரணம் சம்பளம். பெரிய கம்பெனிகளின் மூத்த காப்டன்கள் கை நிறையச் சம்பாதிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கம்பெனிகளின் பெயரில் சிறு ஊர்களுக்குச் சிறு விமானம் ஓட்டும் துணைக் கம்பெனிகளில் நிலைமை வெகுகாலம் வேறாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் நியூயார்க் போன்ற நகரங்களின் பக்கத்தில் வாடகை கொடுக்க முடியாது. இந்த உண்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஒரு விபத்து.

ஐம்பது உயிர்கள்

2009-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி இரவு, நியூயார்க்கை அடுத்த நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கோல்கன் ஏர் கம்பெனியின் 3407 எண் விமானம், இறங்குவதற்குச் சில மைல் தூரத்தில் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர்.

துணை விமானி ஓர் இளம்பெண். பணித் தளம் நியூவார்க். ஆனால் அவர் குடியிருந்தது நாட்டின் மறுகோடியில் உள்ள சியாட்டில் பகுதியில், பெற்றோர் வீட்டில். இடைப்பட்ட தூரம் சுமார் 2,400 மைல். முதல் நாள் மாலை சியாட்டிலில் ஒரு சரக்கு விமானத்தில் ஏறினார். நள்ளிரவுக்குப் பின் மெம்பிசில் இறங்கி, இன்னொரு சரக்கு விமானம் மாறி, காலை ஆறரை மணி அளவில் நியூவார்க் வந்து சேர்ந்தார். அன்றைய டூட்டி பகல் ஒன்றரை மணிக்கு. விமானத்தில் தூங்கிய தூக்கமும், நிலையத்தில் விமானிகள் அறையின் சோபாவில் சாய்ந்த நேரமும்தான் அவருக்குக் கிடைத்த ஓய்வு.

காப்டன் புளோரிடாவில் டாம்பா நகருக்கு அருகே வசித்தவர். அவருக்கும் நியூவார்க்கில் தங்க இடம் கிடையாது. விபத்துக்கு முந்திய இரவை அவர் அதே விமானிகள் அறையில் கழித்தார். அந்த அறையில் இரவு தூங்கக் கூடாது என்பது கம்பெனியின் விதி.

அன்று பலத்த காற்றினால் அவர்களுடைய முதல் பயணங்கள் ரத்தாயின. இரவு 7 மணி 10 நிமிடத்துக்குக் கிளம்ப வேண்டிய விமானம் 9 மணி 18 நிமிடத்துக்குத்தான் மேலே எழுந்தது. இறங்கும் சமயத்தில் வேகம் குறைந்தது. அபாயத்தை உணர்த்த விமானியின் கைப்பிடி அதிர்ந்தது. அப்போது மூக்கைக் கீழே தாழ்த்தி வேகம் கூட்ட வேண்டும். காப்டன் அதற்கு நேர்மாறாகக் கைப்பிடியைப் பின்னால் இழுத்தார். விமானம் நிலைதடுமாறி விழுந்தது. அப்போது மணி 10-17.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓராண்டு விசாரித்தது. காப்டனின் தவறான செயலே விபத்துக்குக் காரணம் என்று 2010-ல் தீர்ப்புச் சொன்னது. இருவருடைய திறமையும் களைப்பால் குறைந்திருக்கக்கூடும், ஆனால் அது எந்த அளவுக்கு விபத்துக்குக் காரணமாயிற்று என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும் கூறிற்று. வாரியத்தின் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் இதோடு நிற்கவில்லை. களைப்பையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்க வேண்டும் என்று தனியாகத் தம் கருத்தைப் பதிவு செய்தார்.

விசாரணையில் வெளியான இரண்டு விவரங்கள் அமெரிக்க மக்களைத் திடுக்கிட வைத்தன. நியூவார்க்கைத் தளமாகக் கொண்ட அந்தக் கம்பெனி விமானிகள் 137 பேரில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள். அவர்களில் 29 பேருக்கு வீடு ஆயிரம் மைலுக்கும் அப்பால். இது ஒன்று. துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் 16 ஆயிரம் டாலர் சொச்சம் என்று பேசப்பட்டது மற்றொன்று. கம்பெனி பிறகு 23 ஆயிரம் டாலருக்கு மேல் என்று திருத்திச் சொன்னது. எந்தக் கணக்கை ஏற்றாலும், நியூவார்க்கில் ஒரு வீடு பிடித்து வாழ அது போதாது.

சட்டம் செய்ததும் செய்யாததும்

மாண்டவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடினார்கள். 2010 ஆகஸ்டில் அமெரிக்காவில் புதிய சட்டம் வந்தது. துணை விமானியாகச் சேரவும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம். விழுந்த விமானத்தை ஓட்டிய இருவருமே அதைவிட அதிக நேரம் பறந்தவர்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

ஓய்வு பற்றிய விதிகளும் மாறின. 2014 ஜனவரி முதல் ஒரு டூட்டிக்கும் அடுத்த டூட்டிக்கும் நடுவே குறைந்தது 10 மணி நேர ஓய்வும், அதில் இடையூறு இல்லாமல் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பும் தரவேண்டும் என்று ஆயிற்று. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ‘நான் தகுதியான நிலையில் இருக்கிறேன்’ என்று விமானி உறுதி கூற வேண்டும். சரக்கு விமானக் கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. சரக்கு விமானம் ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வராது போலும்.

வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் பயணம் என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஆராயும் பொறுப்பு தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிடம் விடப்பட்டது. கவுன்சில் 2011-ல் அறிக்கை தந்தது. இந்தப் பயணத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தப் போதுமான புள்ளிவிவரம் இல்லை என்றது. டூட்டிக்கு முன் 6 மணி நேரமாவது தூங்க முயல வேண்டும். கண் விழித்ததிலிருந்து டூட்டி முடியும் வரை சுமார் 16 மணி நேரத்தைத் தாண்டாதபடி பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்று விமானிகளுக்கு யோசனை சொன்னது. சட்டத்தில் வீட்டுப் பயணம் பழையபடி விமானியின் சொந்தப் பொறுப்பாகவே நின்றுவிட்டது.

ஐரோப்பாவிலும் ஏறத்தாழ இதுதான் நிலை. வீட்டிலிருந்து தளத்துக்கு வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் ஆகுமானால், தளத்துக்கு அருகில் தாற்காலிகமாகத் தங்க ஏற்பாடு செய்துகொள்வதை விமானி யோசிக்க வேண்டும் என்று அங்கே வழிகாட்டு விதி சொல்கிறது. யோசிக்க வேண்டியவர் விமானி. வாடகை கொடுக்க வேண்டியவரும் அவரே.

விமானிகள் தடையை விரும்புகிறார்களா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. வெளியூரிலிருந்து வரக் கூடாது என்று தடை போட்டால் முதலில் எதிர்ப்பவர்கள் விமானிகளே. தளங்களை இஷ்டம் போல் மாற்றும் உரிமை கம்பெனியிடம் இருக்கும்போது, குடும்பத்தை ஓரிடத்தில் நிலையாக வைத்துக்கொள்ளும் உரிமையாவது தங்களுக்கு வேண்டும் என்பது அவர்கள் வாதம். தூரம் மட்டுமே களைப்பை அளக்கும் கோல் அல்ல என்றும் சொல்கிறார்கள். முதல் நாளே பறந்து வந்து நன்றாகத் தூங்கிவிட்டு டூட்டிக்கு வருகிறவரைவிட, உள்ளூரில் இருந்துகொண்டு அழுகிற குழந்தையோடு இரவெல்லாம் விழித்தவர் அதிகம் களைத்திருக்கலாம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை.

கம்பெனிகளும் தடையை விரும்புவதில்லை. விமானிகள் தம் செலவில், தம் நேரத்தில் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடுவதால்தான் தளங்களைச் சுலபமாகத் திறக்கவும் மூடவும் முடிகிறது. ஆக, இரு தரப்புக்கும் பழகிப்போன ஏற்பாடு இது. இந்த ஏற்பாட்டில் குரல் இல்லாதவர் பயணி ஒருவரே.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. பல தொழிற்சங்க ஒப்பந்தங்களில், விமானி இரண்டு விமானங்களில் வர முயன்றும் இடம் கிடைக்காவிட்டால் அவர் மீது நடவடிக்கை கூடாது என்று விதி இருக்கிறது. அப்படி ஒரு விதி இருந்தால், எப்படியாவது வந்தாக வேண்டும் என்று இரவெல்லாம் அலையத் தேவை இல்லை. தனி விமானங்களை இயக்கும் நெட்ஜெட்ஸ் போன்ற கம்பெனிகளில், விமானி தன் வீட்டுக்கு அருகில் உள்ள விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வேலை இடத்துக்குக் கம்பெனியே அழைத்துப் போகும். சம்பளமும் உயர்ந்திருக்கிறது. விமானிகள் பற்றாக்குறை வந்தபின், 2022-ல் சில துணைக் கம்பெனிகள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் அளவு தர முன்வந்தன. பாதுகாப்பைப் பற்றிய பேச்சு சாதிக்காததை ஆள் பஞ்சம் சாதித்தது.

நம் நாட்டில்

இந்தியாவிலும் விமானிக்குக் கம்பெனி ஒரு தளத்தை ஒதுக்குகிறது. குடும்பம் வேறு ஊரில் இருப்பதும் உண்டு. கிங்பிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் பறப்பதை நிறுத்தியபோது, வேலை இழந்த விமானிகள் கிடைத்த கம்பெனியில், கிடைத்த தளத்தில் சேர வேண்டியதாயிற்று.

களைப்பு என்ன செய்யும் என்பதை மங்களூர் கண்டது. 2010 மே 22-ந்தேதி துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டனர். வழியில் காப்டன் வெகுநேரம் தூங்கியிருந்தார் என்றும், விழித்த பின்னும் தெளிவு வராத நிலை அவருடைய முடிவைப் பாதித்திருக்கலாம் என்றும் விசாரணை நீதிமன்றம் கருதியது. அங்கே வீட்டுத் தூரம் பிரச்னை அல்ல. ஆனால் தூக்கம் கெட்ட உடம்பு எந்தக் காரணத்தால் கெட்டது என்று ஓடுபாதை பார்ப்பதில்லை.

விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் 2024 ஜனவரியில் புதிய பணி நேர விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆயிற்று. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை என்று நீட்டப்பட்டது. இரவில் ஆறு முறை தரையிறங்கலாம் என்று இருந்தது இரண்டாகக் குறைந்தது. கம்பெனிகள் ஆட்சேபித்ததால் அமல் தள்ளிப்போய், டில்லி ஐகோர்ட்டில் வழக்கு நடந்தபின், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்திலேயே இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5-ந்தேதி ஒரே நாளில் ரத்தானவை ஆயிரத்துக்கும் மேல். கடைசியில் இரவு டூட்டி விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10-ந்தேதி வரை விலக்கு தரப்பட்டது. விமானிக்குச் சட்டப்படி ஓய்வு கொடுத்தால் கம்பெனியின் அட்டவணையே குலைந்துவிடுகிறது என்றால், அந்த அட்டவணை இத்தனை நாள் எதன் மேல் நின்றது என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

வழியும் வேலையே

வேலைக்குப் போகும் வழி தொழிலாளியின் சொந்த விஷயம் என்ற பழைய எண்ணம் நம் நாட்டிலேயே மாறி வருகிறது. 2010-ல் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் நடுவே நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும் என்று அது சொன்னது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்திலும் இதே அர்த்தம் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. அதிகாலையில் சர்க்கரை ஆலைக்குக் காவல் வேலைக்குப் போகும் வழியில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்குக் கிடைத்த நியாயம் அது.

வழியில் கால் முறிந்தால் அது வேலையின் பகுதி என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. வழியில் தூக்கம் கெட்டால் மட்டும் அது தொழிலாளியின் சொந்தக் குறை ஆகிவிடுமா?

தூரத்திலிருந்து வருவதைத் தடை செய்வது பரிகாரம் அல்ல. அது வீட்டையும் வேலையையும் பிரித்து வைத்த கம்பெனியை விட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் அலைகிறவரைத் தண்டிப்பதாகும். செய்யக்கூடியவை வேறு. தளத்தை மாற்றும் கம்பெனி, அதனால் வரும் பயணச் செலவிலும் தங்கும் செலவிலும் பங்கு ஏற்கலாம். விமான நிலையத்தில் சோபாவுக்குப் பதில் படுக்கை உள்ள அறை வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இன்று எனக்கு உடம்பு ஒத்துழைக்காது’ என்று சொல்லும் விமானியின் சம்பளமும் பதவி உயர்வும் அந்த ஒரு சொல்லால் பாதிக்கப்படாமல் காக்கலாம். தகுதியாக இருக்கிறேன் என்று உறுதி கேட்கும் சட்டம், இல்லை என்று சொல்லவும் இடம் தரவேண்டும்.

டூட்டிக் கணக்கு விமான நிலைய வாசலில் தொடங்குகிறது. ஆனால் களைப்பு வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. இந்த இரண்டு வாசல்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை யாருடைய கணக்கில் எழுதுவது என்பதுதான் பிரச்னை. இன்றுவரை அது தொழிலாளியின் கணக்கில்தான் எழுதப்பட்டு வருகிறது. பஃபலோவில் ஐம்பது குடும்பங்கள் அந்தக் கணக்கில் தங்கள் பங்கையும் செலுத்தியிருக்கின்றன.